மெல்லச் சுற்றும் விசிறி

என் அக்கா மகள் குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பதிவுசெய்து, படமும் அசைவும் சேர்த்து வீடியோவாக்குகிறாள். வீடு பெரம்பூரில் மூன்றாம் மாடி. மேலே மொட்டை மாடிதான். கத்திரி வெயில் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். பதிவு நேரத்தில் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுவாள். அதன் பிறகும் மைக்கில் ஓர் இரைச்சல் ஏறியும் இறங்கியும் கேட்டுக்கொண்டே இருந்தது. "மாமா, கம்ப்யூட்டர்தான் கத்துது. சூடு 95 டிகிரி காட்டுது. நல்ல கூலரா ஒண்ணு சொல்லுங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

நம் ஊரில் மொத்தப் பெட்டியையும் சிபியு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான சிபியு அந்தப் பெட்டிக்குள், மதர்போர்டின் மேல், நாலு சென்டிமீட்டர் சதுரத்தில் ஓர் உலோக மூடி போட்டுக்கொண்டு இருக்கும் ப்ராசசர். அதன் தலையில் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியே தள்ளும் கருவிதான் அவள் கேட்ட கூலர்.

அவளிடம் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 9 7900எக்ஸ். பன்னிரண்டு கோர் கொண்டது. விவரக்குறிப்பில் 170 வாட் என்று போட்டிருக்கும். முழு வேலை கொடுத்தால் 230 வாட் வரை இழுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. ப்ராசசர் எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. அதனால் வாங்கும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் 8088 ப்ராசசர் இரண்டு வாட்டுக்குள் வேலையை முடித்துக்கொண்டது. விசிறியும் வேண்டாம், தகடும் வேண்டாம், வெறும் தலையோடு இருந்தது. 2004-இல் இன்டெலின் பென்டியம் 4 வரிசையில் சில ப்ராசசர்கள் 115 வாட்டைத் தொட்டன. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தை அந்த ஆண்டே இன்டெல் கைவிட்டது. வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் பாதையைச் சூடு வந்து மறித்தது. ஒரு கோரைப் பல கோர்களாகப் பிரிக்கும் வழிக்குத் தொழில் திரும்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

230 வாட் என்பது நான்கு பழைய குண்டு பல்புகளின் மின்சாரம்தானே, இதற்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். இங்கே இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட் எடுக்கிறது. அதன் அடித்தகடு ஏறத்தாழ இருநூறு சதுர சென்டிமீட்டர். ஆக, சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட். 7900எக்ஸின் மூடிக்கு அடியில் கணக்குப் போடும் சிலிக்கான் சில்லுகள் இரண்டு. ஒவ்வொன்றும் முக்கால் சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு; விரல் நகத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த இரண்டிலும்தான் செலவாகிறது. கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு நூறு வாட்டைத் தாண்டுகிறது. இஸ்திரிப் பெட்டியைப் போல இருபது மடங்கு அடர்ந்த சூடு. அதை அங்கிருந்து கிளப்பி, பரந்த இடத்துக்குக் கொண்டுபோய், காற்றில் கரைக்க வேண்டும்.

முதலில் கிளம்ப வேண்டிய இடத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. ப்ராசசர் மூடியும் கூலரின் அடிப்பாகமும் பார்வைக்கு வழவழவென்று இருந்தாலும் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் மேடுகள் மட்டும் தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். நல்ல பேஸ்ட் காற்றைவிடச் சில நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் செம்பு அந்தப் பேஸ்ட்டைவிட இன்னும் ஐம்பது மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் பேஸ்ட்டை அப்பிவிடக் கூடாது. நெற்றியில் சந்தனம் இடுவதுபோல மெல்லியதாக இருந்தால் போதும். நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து, கூலரை நேராக இறக்கி, எதிரெதிர் திருகுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் அதுவே பரவிக்கொள்ளும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்த பிறகு மாட்ட வேண்டும். அனுபவசாலிகளும் அதை மறந்து மாட்டிவிட்டு, சூடு ஏன் குறையவில்லை என்று நாள்கணக்கில் தேடியிருக்கிறார்கள்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஹீட் பைப். கூலரின் அடியிலிருந்து வளைந்து மேலே தகடுகளுக்குள் ஏறும் செம்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். கெட்டிச் செம்புக் கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே அவை கூடு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு, இரு முனையையும் மூடிவிடுகிறார்கள். உட்சுவரில் செம்புத்தூளைச் சுட்டு ஒட்டிய நுண்துளைப் படலம் ஒன்று இருக்கும்.

இட்லிக் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி மேலேறி மூடியைத் தொடுகிறது. அங்கே குளிர்ந்து துளியாகி, மீண்டும் கீழே சொட்டுகிறது. மூடி எப்படிச் சுடுகிறது? அடுப்பின் சூட்டை ஆவி சுமந்துபோய் அங்கே இறக்கிவைக்கிறது. ஹீட் பைப்பின் உள்ளே நடப்பது இதேதான். காற்று நீக்கப்பட்டு அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், அங்கே தண்ணீர் நூறு டிகிரிக்காகக் காத்திருப்பதில்லை. வெதுவெதுப்பான சூட்டிலேயே ஆவியாகிவிடும். தகடுகள் இருக்கும் முனையில் குளிர்ந்து தண்ணீராகும். அந்தத் தண்ணீர் அடிக்குத் திரும்பப் புவியீர்ப்பை நம்பியிருக்க முடியாது. கூலரைப் படுக்கவைத்தும் மாட்டுகிறோம் அல்லவா. விளக்கில் எண்ணெய் எப்படித் திரி வழியே மேலேறுகிறதோ, அப்படி அந்தச் செம்புத்தூள் படலம் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது. இட்லிக் கொப்பரையும் அகல்விளக்கும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. ஓடும் பாகம் ஒன்றும் கிடையாது, சத்தமும் கிடையாது.

ஆவி இவ்வளவு சூட்டைச் சுமக்கக் காரணம், ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 ஜூல் தேவைப்படுவது. கொதிநீர் பட்ட கையைவிட ஆவி பட்ட கை அதிகம் வெந்துபோவதும் இதனால்தான். நூறு வாட் சூட்டைத் தூக்க, நொடிக்கு ஒரு கிராமில் இருபத்தைந்தில் ஒரு பங்குத் தண்ணீர் ஆவியானால் போதும். மருந்துக் குப்பியின் மூடியில் அடங்கும் தண்ணீர் இடைவிடாமல் மேலும் கீழும் போய்வந்து அத்தனை சூட்டையும் நகர்த்திவிடும்.

இந்த யோசனைக்கு 1940-களிலேயே காப்புரிமை வாங்கிவைத்தவர் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ரிச்சர்ட் காக்லர். குளிர்சாதனப் பெட்டிக்காக யோசித்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக அதே இடத்துக்கு வந்துசேர்ந்து ஹீட் பைப் என்ற பெயரையும் கொடுத்தார். விண்கலங்களுக்கு அது பிடித்துப்போனது. பம்பு இல்லாமல், பழுது பார்க்க ஆள் இல்லாமல் இயங்கும் பொருள் அங்கே வரம்தான். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கூலரில் ஆறு ஹீட் பைப் இருக்கின்றன. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துபோகிறது.

தகடுகளுக்கு வந்துசேர்ந்த சூட்டைக் காற்று எடுத்துப்போக வேண்டும். சத்தம் பிறப்பது இந்த ஒரே கட்டத்தில்தான். காற்றின் கணக்கு எளியது. 150 வாட் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு பத்து டிகிரி மட்டும் சூடேற வேண்டுமென்றால், நொடிக்கு ஏறத்தாழ பன்னிரண்டு லிட்டர் காற்று தகடுகளுக்கு நடுவே போக வேண்டும். இது பெரிய அளவே அல்ல. 140 மில்லிமீட்டர் விசிறி ஒன்று நிமிடத்துக்கு 1,500 சுற்றில், தடை ஏதும் இல்லாத இடத்தில், நொடிக்கு நாற்பது லிட்டர் வரை தள்ளும். தகடுகள் தரும் தடையைக் கழித்தாலும் நமக்குக் கை மிஞ்சியே இருக்கிறது.

அப்படியிருக்க அக்கா மகளின் பெட்டி ஏன் கத்தியது? திறந்து பார்த்தோம். பெட்டியைச் சேர்த்துக் கொடுத்த கடையில், அந்த ப்ராசசரின் தலையில் 92 மில்லிமீட்டர் விசிறி வைத்த சின்னக் கூலர் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். 65 வாட் ப்ராசசருக்கு அது போதும். இங்கே அந்தச் சின்ன விசிறி நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடி மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

விசிறிகளுக்கென்று சில விதிகள் உண்டு. கூலர் வாங்கப்போகும் யாருக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும் என்பேன். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவு பாதியாகும். இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே சத்தம் பாதியானதாக நம் காதுக்குத் தோன்றும். 1,500 சுற்றிலிருந்து ஆயிரத்துக்கு இறக்கினால் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போகும். சத்தத்தில் ஒன்பது டெசிபல் போகும். இழப்பதைவிடக் கிடைப்பது அதிகம். விட்டம் பெரிதானால் லாபம் இன்னும் கூடுகிறது. ஒரே அளவு காற்றைத் தள்ள, 92 மில்லிமீட்டர் விசிறியின் வேகத்தில் பாதிகூட 120 மில்லிமீட்டர் விசிறிக்குத் தேவையில்லை. 140-க்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மூலையில் கிர்ரென்று சுற்றும் சின்ன மேசை விசிறியையும் கூரையில் நிமிடத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் சுற்றில் அறை முழுக்கக் காற்றைத் தரும் சீலிங் ஃபேனையும் ஒருமுறை ஒப்பிட்டால் இது விளங்கிவிடும்.

ஆக, அமைதியான கூலர் என்று நாம் தேடுவது உண்மையில் பரப்பைத்தான். தகட்டின் பரப்பு பெரிதாக இருந்தால் சோம்பலான காற்றே போதும். சோம்பலான காற்றுக்குச் சத்தம் இல்லை. விசிறியின் வேகத்தைப் பெருமையாக அச்சிட்டிருக்கும் பெட்டியைக் கண்டால் ஒதுங்கிப் போவேன். உலோகம் கனமாக இருந்தால் கிட்டே போவேன்.

கனத்துக்குப் பெயர்போனது ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-டி15. 2014-இல் வந்தது. இரண்டு தகட்டுக் கோபுரங்கள், ஆறு ஹீட் பைப், இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறிகள். விசிறியோடு சேர்த்து 1.3 கிலோ. முழு வேகத்திலும் 24.6 டெசிபல் என்று நிறுவனம் சொல்கிறது. அதன் பழுப்பு நிற விசிறி சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது உழைத்துப் பழகிய மரச்சாமான் போலத் தோன்றும். தைவான் நிறுவனமான தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ இன்னொன்று. அதுவும் இரட்டைக் கோபுரம், ஆறு ஹீட் பைப், ஆனால் 120 மில்லிமீட்டர் விசிறிகள். சூட்டை இறக்குவதில் முன்னதற்குச் சில டிகிரி பின்னால் நிற்கும். விலை அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

ரிச்சி தெருவுக்குப் போனபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "கேபினெட்டுல எவ்ளோ ஹைட் தாங்கும் சார்?" என்எச்-டி15-இன் உயரம் 165 மில்லிமீட்டர். அக்கா மகளின் கேபினெட்டில் 160-க்கு மேல் வைத்தால் பக்கக் கதவு மூடாது. 155 மில்லிமீட்டர் உயரமுள்ள தெர்மல்ரைட் அதில் அடங்கியது. வாங்குவதற்கு முன் கதவைக் கழற்றி, ப்ராசசர் மூடியிலிருந்து கதவு வரும் இடம் வரை அளவுகோல் வைத்துப் பார்த்துவிடுங்கள். ரேம் உயரமும் முக்கியம். முன்பக்க விசிறி ரேமுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும்; விளக்கு மினுக்கும் உயரமான ரேம் இருந்தால் விசிறியை மேலே தூக்கிப் பூட்ட வேண்டிவரும், அப்போது உயரக் கணக்கு மறுபடி மாறும்.

"லிக்விட் கூலர் போட்டா சத்தமே வராதுன்னு ஃப்ரெண்ட் சொன்னாளே மாமா" என்றாள் வழியில். தோழி சொன்னதில் பாதி சரி. தண்ணீர் நிறையச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஓரிரு நிமிட வேலைக்கு விசிறி சட்டென்று வேகம் பிடிக்காது. ஆனால் அந்தத் தண்ணீரும் கடைசியில் சூட்டைக் காற்றிடம்தான் ஒப்படைக்க வேண்டும்; அதற்கும் ரேடியேட்டர், அதற்கும் விசிறிகள். போதாததற்கு ஒரு பம்பு. அதன் மெல்லிய ரீங்காரம் காதுக்குத் தப்பினாலும் மைக்குக்குத் தப்பாது. பம்பு இருக்கும் இடம் மொத்தச் சுற்றிலும் உயரமான இடமாகிவிட்டால் காற்றுக் குமிழி அங்கே சேர்ந்து களகளவென்று சத்தம் போடும். 250 வாட்டை மணிக்கணக்கில் இறக்க வேண்டிய வேலைக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்த லிக்விட் கூலர் காற்றுக் கூலரை வெல்லும். குரல் பதிவு செய்யும் அறைக்கு என் தேர்வு காற்றுக் கூலர்தான். அதில் கெட்டுப்போகக்கூடியது விசிறி ஒன்றே; அதைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

புதுக் கூலரை மாட்டுவதற்கு முன் இன்னொன்றைக் கவனித்தோம். கேபினெட்டின் பின்பக்க விசிறி திரும்பி மாட்டப்பட்டிருந்தது. முன்விசிறிகளும் காற்றை உள்ளே இழுக்க, பின்விசிறியும் உள்ளேயே தள்ள, சூடான காற்று போக வழியில்லாமல் உள்ளே சுழன்றுகொண்டிருந்தது. ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு விசிறிக்கும் பக்கத்தில் காட்டினால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். விசிறியின் சட்டத்தில் அம்புக்குறி இருந்தால் அதையே பார்க்கலாம். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே. கூலரின் விசிறிகளும் அதே திசையில். அந்த ஒரு விசிறியைத் திருப்பிப் போட்டதற்கே, பழைய கூலரின் வேகம் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. செலவு, நான்கு திருகு.

இனி அவள் பயந்த அந்த 95 டிகிரி. கூலர்களின் திறமையை அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி என்றுதான் அளக்க முடியும். நல்ல இரட்டைக் கோபுரம் ஒன்று, வாட்டுக்கு 0.2 டிகிரி ஏறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 142 வாட்டுக்கு (ஏன் இந்த எண் என்பதைப் பின்னால் சொல்கிறேன்) 28 டிகிரி. இருபது டிகிரி அறையில் அது 48. பெரம்பூர் மூன்றாம் மாடியில் 35 டிகிரி இருந்தால் 63. சில்லிலிருந்து மூடிக்கு வருவதற்குள் ஏறும் டிகிரிகள் இதற்கு மேல். குளிர்நாட்டு அறையில் எடுத்த அளவுகளைப் பார்த்துவிட்டு, நமக்கு மட்டும் ஏன் இத்தனை சூடு என்று கலங்க வேண்டியதில்லை. எந்தக் காற்றுக் கூலராலும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது.

ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகை ப்ராசசர்களுக்கு வேறு ஒரு குணமும் உண்டு. முழு வேலையில் 95 டிகிரியைத் தொடும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், அங்கே நின்று வேலைசெய்யும்படிதான் அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். நாளெல்லாம் அந்தச் சூட்டில் இருந்தாலும் பாதகமில்லை என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. பெரிய கூலரை மாட்டினால் சூடு இறங்காமல், கிடைத்த இடைவெளியில் ப்ராசசர் இன்னும் கொஞ்சம் வேகம் பிடிக்கலாம். கூலரை மட்டும் மாற்றிவிட்டு எண் இறங்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

அதனால் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், மின்சாரத்துக்கு வரம்பு போடும் ஈகோ மோடை 105 வாட்டில் வைத்தோம். அப்போது சாக்கெட் வழியாக எடுக்கும் மின்சாரம் 230-லிருந்து 142 வாட்டுக்கு வந்துவிடுகிறது. சூட்டில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் பிறக்கவே இல்லை. வேலை அந்த அளவுக்குக் குறைவதில்லை. ப்ராசசர் எடுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறுகிறது; கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜைத் தூக்க வேண்டியிருப்பதால், அந்தச் சொற்ப வேகத்துக்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகிறது. பைக்கை அறுபதிலிருந்து தொண்ணூறுக்கு விரட்டினால் மைலேஜ் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டாம். முன்பு பத்து நிமிடம் எடுத்த வீடியோ இப்போது பதினோரு நிமிடத்துக்குள் முடிகிறது. பெரிய கூலர் தந்த அமைதியைவிட இந்த ஒரு மாற்றம் தந்த அமைதி அதிகம் என்றே எனக்குப் படுகிறது. இதற்குக் காசும் இல்லை.

பயாஸில் இருக்கும்போதே விசிறியின் வேகக் கோட்டையும் திருத்தினோம். சில்லு மிகச் சின்னது. ஒரு நிரலைத் திறந்தாலே ஒரு நொடிக்குள் இருபது டிகிரி ஏறி இறங்கும். விசிறி அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் சத்தம் ஏறியும் இறங்கியும் கேட்கும். ஒரே சீரான மெல்லிய சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், மாறுகிற சத்தத்தை மறக்காது. எழுபது டிகிரி வரை 600 சுற்றிலேயே நிற்கும்படியும், அதற்கு மேல் மெதுவாக ஏறும்படியும், ஏறுவதற்குச் சில நொடி தாமதிக்கும்படியும் அமைத்தோம். பிறகு மேசைமேல் மைக்குக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைக் கீழே இறக்கி, ரப்பர் விரிப்பின் மேல், மேசைக்கு அந்தப்புறம் தள்ளி வைத்தோம். மைக்குக்கும் பெட்டிக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால் சத்தத்தில் ஆறு டெசிபல் வரை கழியும். விரிப்பு இல்லாவிட்டால் தரைக்கல் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

அன்றிரவு கதவைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்தி, ஒரு பக்கம் வாசித்துப் பதிவுசெய்தாள். அலைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் இருந்த தடித்த பட்டை மெல்லிய கோடாகியிருந்தது. வீடியோ ஓடும்போது சூடு 80-ஐ ஒட்டி நிற்கிறது. விசிறி ஆயிரம் சுற்றைத் தொடவில்லை.

தகடுகளுக்கு நடுவே தூசி அடைந்தால் இந்தக் கணக்கு முழுதும் மெல்ல மெல்லத் தலைகீழாகும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறி தானாகச் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். காலண்டரில் எந்த மாதம் குறிக்கட்டும் என்று கேட்டாள். அவள் தெருவில் ஆடிக் காற்று மண்ணை வாரித்தான் இறைக்கும். ஆவணி முதல் ஞாயிறு என்று குறித்துக்கொண்டாள்.